ஊசி போன ஆழம்

வெடிமருந்து ஆலையில் முப்பத்தோரு வருடம்
என் வேலை, வேண்டாம் என்று சொல்வது.
ஒரு நூல் பிசகினால் திருப்பி அனுப்பு,
கையெழுத்துப் போடாதே.

ஓய்வில் வந்த செட்டில்மென்ட் பணத்தை
வண்டிச்சோலைக்கு மேலே
நான்காம் நம்பர் வீட்டுக்குக் கொடுத்தபோது மட்டும்
படிக்காமல் போட்டேன், பதினெட்டு இடத்தில்.
வழவழத் தாளில்
மேகம் படியேறி வருவதாகப் படம்.
வந்தது. பீரோவுக்குள்ளும் வந்தது.

முதல் விரிசல் ஜன்னல் மூலையில், மயிரளவு.
அதன் நுனியில் பென்சிலால் கோடிழுத்து
ஜூன் 4 என்று எழுதினேன்.
ஜூலை 19-க்குள்
காலண்டர் ஆணியைத் தாண்டியிருந்தது.
பில்டர் வெங்கடபதி போனில் சிரித்தார்.
"புது வீடு சார். செட்டில் ஆகுது."

இன்ஜினியர் தம்பி ஒருவன் வந்து
பட்டி வைத்து, பெயின்ட் அடித்து,
என் தேதிகளின் மேலேயும் அடித்துவிட்டுப் போனான்.
போட்டோ எடுத்து வைத்திருந்தேன். பழக்கம்.
குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டினேன்.
ஐப்பசியில் ஓர் இரவு
அது உடைந்த சத்தத்தில் விழித்து
ரெஜினா கேட்டாள், "யாருங்க?"
வீடுதான் என்றேன்.

மழை விட்ட சாயங்காலம்
மேஸ்திரி தெய்வேந்திரன் வந்தார்.
செருப்பில் சேறு என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.
"தாங்கு சுவர்ல பதினோரு பைப் தெரியுதே,
அதெல்லாம் சும்மா சார்.
துண்டு துண்டா வெட்டி மேலாப்புல சொருகச் சொன்னாங்க.
மண்ணு குடிச்ச தண்ணி வெளிய வர வழியே கிடையாது."
ஏன் இப்போது சொல்கிறீர்கள்?
அவர் கீழே கை நீட்டினார்,
தேயிலைக்கு நடுவே லயன் வீடுகளின் தகரக் கூரைகள்.
"மூணாவது, என் தங்கச்சி."

ரெஜினாவின் ஸ்வெட்டர் ஊசியோடு
சுவரடிக்கு இறங்கினேன். பதினாலு அங்குல ஊசி.
முதல் குழாயில் இரண்டு அங்குலம் போய் முட்டியது.
அடுத்ததில் இரண்டேகால்.
மூன்று நாள் மழைக்குப் பிறகு
பதினொன்றில் ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை.
சுவர் வயிறு தள்ளி நின்றது.

ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் ஆறாவது வாய்தா.
எதிர்தரப்பு வக்கீல்
மலையைக் குற்றம் சொன்னார், மழையைச் சொன்னார்,
நாங்கள் வீட்டுக்குள் துணி காயப்போட்டதைச் சொன்னார்.
தலைவர் அம்மா ஊசியைத் தூக்கிப் பார்த்தார்.
"இது என்ன?"
பின்னல் ஊசி அம்மா. இவ்வளவுதான் உள்ளே போனது.
சிவப்பு நூல் கட்டிய இடத்தைக் காட்டினேன்.
சான்றாவணம் ஒன்பது.
பேரனின் குல்லா வீட்டில் பாதியில் நிற்கிறது.

வெளியே வெங்கடபதியே டீ வாங்கித் தந்தார்.
"இந்த வயசுல எதுக்கு சார் அலைச்சல்?
செட்டில் பண்ணிக்கலாம்."
எட்டு லட்சம். வழக்கு வாபஸ்.
கடைசியில் ஒரே ஒரு வரி:
சுவரைப் பற்றி இனி யாரிடமும் பேசுவதில்லை.

ரெஜினாவின் முழங்காலுக்கு ஆகும்.
டீ ஆறும்வரை யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.
பணம் என் பக்கம் வரும்.
சுவர் அந்தப் பக்கம் விழும்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
தெரிந்த வேலைதான்.

அடுத்த வாய்தா பிப்ரவரி பன்னிரண்டு.
அதுவரை இப்படி ஏற்பாடு:
இரவில் மழை கனத்தால் நான் போன் அடிப்பேன்,
தெய்வேந்திரனின் தங்கச்சி பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு
மாரியம்மன் கோவிலில் போய்ப் படுப்பாள்.
இந்த வாரம் மூன்று முறை அடித்துவிட்டேன்.
அவள் ஒருமுறைகூட "சும்மாதானா?" என்று கேட்கவில்லை.

புதுப் பெயின்டைக் கிழித்துக்கொண்டு
அதே மூலையில் மறுபடி வந்திருக்கிறது.
பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.
இன்று என்ன தேதி, ரெஜினா?