தக்கை

அந்தத் துவாலையை மடித்துத்தான் வைத்திருந்தார்கள்,
அறைக்கு வெளியே, நாற்காலியின் மேல்,
வீடு மாறி வந்துவிட்ட கடிதம் போல.
யெரெவானிலிருந்து வந்த இளந்தம்பதி.
குறையென்று எதுவும் சொல்லவில்லை.
"இன்னும் காயவில்லையோ" என்று மட்டும்
சிரித்தபடி கேட்டாள் அந்தப் பெண்.

காய்ந்திருந்தது. மொடமொடவென்று.
முகம் புதைத்து முகர்ந்தேன்.
ஒன்றுமில்லை.
எதிர்வீட்டு குகூலியிடம் நீட்டினேன்.
அவள் மூக்கைச் சுளிக்கவில்லை.
அதைவிட மோசம்:
பேச்சை மாற்றினாள்.

பதினோரு கோடைகளாக
மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறேன்.
பதினோரு கோடைகளாக என் மூக்கு
எனக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லியிருக்கிறது.

பத்தூமியில் மழை வருகிறது என்று
யாரும் சொல்வதில்லை.
எப்போதாவது போகிறது.
சுவர் வியர்க்கும்; உப்பு கட்டிப்போகும்;
அலமாரிக்குள் தோல்செருப்பு பச்சையாகப் பூக்கும்.
ஜன்னலில்லாத சலவை அறையில்
துவைத்து முடித்ததும்
பொறுப்பாக மூடி வைப்பேன் இயந்திரத்தின் கதவை.
திறந்திருந்தால் பிசோ உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.
பூனைக்கு அந்த உருளை ஒரு தொட்டில்.

பத்ரி வந்தான், முழங்காலிட்டான்.
உதட்டைத் தாழ்த்தி ஈறு பார்க்கும் பல் வைத்தியன் போல
ரப்பர் வளையத்தின் மடிப்பை இழுத்துப் பிடித்து
டார்ச் அடித்தான்.

அய்யோ.

விளிம்பில் மிளகுப்பொடி தூவியது போல் கருப்பு.
உள்ளே போகப் போகக் களிம்பு.
கடற்கரைக் கூழாங்கல் ஒன்று, இருபது தெத்ரி நாணயம்,
சூரியகாந்தி விதைத் தோல்,
எந்தக் குழந்தையினுடையதோ ஒரு மஞ்சள் பொத்தான்.

"எத்தனை டிகிரியில் துவைக்கிறீர்கள்?"
"முப்பது. கரண்ட் பில்..."
"தூள்?"
கை குவித்துக் காட்டினேன்.
"வாசனைத் திரவம்?"
"நிறைய. வாடை வரக் கூடாதே என்று."
"அதைத்தான் அது தின்கிறது" என்றான்.

ஆக, விருந்தாளிகளைவிட
அதைத்தான் நன்றாக உபசரித்திருக்கிறேன்.

பிளீச்சில் நனைத்த துணியை மடிப்புக்குள் திணித்தான்.
இழுப்பறையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தான்.
"வினிகர் இன்னொரு நாளைக்கு.
இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள்,
மூச்சு முட்டிப் போய்விடுவீர்கள்."
"சாச்சாவை ஊற்று, எல்லாம் சாகும்!"
பால்கனியிலிருந்து கத்தினாள் குகூலி.
திராட்சைச் சக்கையில் வடித்த அந்தச் சாராயம்
ஒரு சிறு கோப்பை ஊற்றினேன்,
பத்ரிக்கு.

துணியில்லாமல், தொண்ணூறு டிகிரியில்,
வெறும் வயிற்றோடு ஓடியது இயந்திரம்.
தரை அதிர்ந்தது.
குழாய் வழியே தேநீர் நிறத்தில் தண்ணீர்.
நீராவி எழுந்தபோதுதான்,
முதல்முறையாக,
எனக்கு வந்தது:
நனைந்த நாய். மூடிய நிலவறை.
மழையில் மறந்துபோன கம்பளி.

இதில் முகம் துடைத்தவர்களா
நன்றி சொன்னார்கள்?
இதில் குழந்தையைச் சுற்றித் தூக்கியவர்களா
வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து
அடுத்த வருடமும் வருவோம் என்றார்கள்?
வராதவர்களை எண்ணத் தொடங்கினேன்.
பாதியில் நிறுத்திவிட்டேன்.

"கதவைத் திறந்தே வையுங்கள்" என்றான் பத்ரி.
பிசோவைக் காட்டினேன்.
பூனையும் அவனும்
ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்தார்கள்.
பிறகு மேசையில் கிடந்த ஒயின் தக்கையை எடுத்து
நூல் கட்டி, கதவிடுக்கில் செருகினான்.
காற்று நுழையும் அளவு.
பூனையின் ஒரு கால் மட்டும் நுழையும் அளவு.
அந்த ஒரு காலை பிசோ தினமும் நுழைத்துப் பார்க்கிறது.

இப்போது தூள் இரண்டு கரண்டி.
வாசனைத் திரவம் இல்லை.
துவைத்ததும் மடிப்பைத் துடைக்கிறேன்;
இரவில் எழுந்தால் விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.
மூக்கை நம்புவதில்லை.
ஒவ்வொரு சலவையிலும் முதல் துவாலை
குகூலியிடம் போகிறது.
முகர்ந்த பிறகு என்ன பேசுகிறாள்
என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நேற்றைய துவாலையை
அவள் திருப்பித் தரவில்லை.