வசனமில்லாத வேடம்

பத்தாந் திருநாள் ராத்திரி நாடகத்தில்
எனக்குப் பிணத்தின் வேடம்.

அரசன் நஞ்சு கொடுத்துக் கொன்ற பெண் நான்.
ஒன்பது வருடம் கழித்து
காதலன் என்னைச் சிங்காரித்து
முக்காடிட்டு நாற்காலியில் இருத்துவான்.
புதுப்பெண் என்று நம்பி வரும் அரசன்
முத்தமிட்டுச் சாவான்.
உதட்டில் என்றுதான் எழுதியிருந்தது.
பங்குத்தந்தை அதை அடித்துவிட்டு
புறங்கையில் என்று திருத்தினார்.

வசனம் கிடையாது.
பழியின் வசனமெல்லாம் காதலனுக்கு,
பதினேழு பக்கம்.
"நீ அசையாம இருந்தா போதும் டெல்பின்,
அதுதான் நடிப்பு."

மகளை அரசனுக்கு விலைபேசும்
தாய் வேடத்துக்கு ஆளில்லை.
கேட்ட பெண்களெல்லாம் கையை உதறினார்கள்:
"வித்தவன்னு ஊரு சொல்லும்."
கடைசியில் வலைக்கம்பெனி பிராங்கோ
மீசையை எடுத்துச் சேலை கட்டினான்.

அரசன், சங்கச் செயலாளர் வியாகுலதாஸ்.
கிரீடம் அவர் சொந்தச் செலவு.

சூசைமிக்கேல் போன வள்ளம்
திரும்பாத வருடம்
சர்க்கார் தந்த பணத்தில்
நாலில் ஒரு பங்கு என் கைக்கு வந்தது.
மீதிக்கு ஒரு தாள் இருந்தது.
எஞ்சின் கடன், சந்தா பாக்கி, டீசல் பற்று,
அடியில் என் பெயர்,
பெயருக்கு மேலே பெருவிரல் ரேகை.

நான் பத்தாம் வகுப்பு பாஸ்.
டெ-வின் கொம்பை நீட்டிப் போட்டுக்
கையெழுத்திடுகிறவள்.

ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
நெத்திலி காயப்போடும் தகரம்
கிழித்த விரல் அது.
எனக்குச் சோறு பிசைந்த விரல்.
அதற்கு அவர்கள் கொடுத்தது
ஐயாயிரமும் ஒரு மிக்சியும்.
அந்த மிக்சியில்தான் தினமும் தேங்காய் அரைக்கிறேன்.
நான் கேட்டதில்லை. அம்மா சொன்னதில்லை.
இரண்டு பேரும் நன்றாகவே நடிக்கிறோம்.

குலசேகரத்தில் அக்கா புருஷன்
ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டிலில்
வெள்ளைக் கேனில் ஆசிட் இருக்கும்.
இரண்டு தடவை மூடியைத் திறந்தேன்.
மூக்குக்குள் கட்டெறும்பு கடித்தது.
மூடிவிட்டுத் திரும்பினேன்.
பையில் இருந்தது
ஒரு பிடி காந்தாரி மிளகாய்.

அதே மிக்சியில் அடித்து
தேங்காயெண்ணெயில் குழைத்து
புறங்கையில் தடவி
மேலே பவுடர் போட்டேன்.

முட்டம் லைட்ஹவுஸ் வெளிச்சம்
மேடையைத் துடைத்துத் துடைத்துப் போயிற்று.
ஒவ்வொரு துடைப்புக்கும்
முன்வரிசையில் அம்மாவின் முகம்
தெரிந்தது, மறைந்தது.
பிராங்கோ மகளுக்கு விலை சொன்னான்.
தூ என்றது சனம்.
அம்மாவும் துப்பினாள்.

அரசர் குனிந்தார்.
எரிந்த உதட்டைக் கையால் துடைத்தார்,
அந்தக் கையைக் கண்ணில் வைத்தார்.
"தண்ணி, எளவு, தண்ணி தாங்கலே!"
அது பதினேழு பக்கத்தில் எங்கும் இல்லை.
கிரீடம் உருண்டு ஆர்மோனியத்தில் முட்டியது.
காதலன் வசனம் மறந்து நின்றான்.
நான் அசையவில்லை.

சனம் எழுந்து நின்று கைதட்டிற்று.
சிறந்த நடிகர் வியாகுலதாஸ்.
பங்குத்தந்தை கையால் பித்தளைக் குத்துவிளக்கு.

என் கை மூன்று நாள் எரிந்தது.
மோரில் முக்கினேன், மணலில் புதைத்தேன்.
இரண்டாம் ராத்திரி அம்மா வந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
என் கையை மடியில் எடுத்துவைத்து
எண்ணெய் தடவினாள், கோடு விழுந்த அந்த விரலால்.
பிறகு அந்த விரலால்
தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
தெரியாமல் துடைத்தாளா, தெரிந்தா.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம்.
நாகர்கோவிலுக்கு ஆறரை மணி பஸ்.
இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்,
தொகை, தேதி, செயலாளர் பெயர்.
ரேகை யாருடையது என்று கேட்பார்கள்.
அந்த ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அடுக்களையில் மிக்சி ஓடுகிறது.