எதில் திறக்க

காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில்
நிப்பட்டுக் கடைக்கும் விதைக் கடைக்கும் நடுவே
எட்டுக்குப் பத்து என் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர்,
திரையின் கீழ் விளிம்பில் மூன்று உலாவிகள்.
மூன்றும் ஒரே ஊருக்குத்தான் போகின்றன.
ஆனாலும் ஜனங்கள்
பஸ்ஸைப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள்.

பத்திர எழுத்தர் வேடியப்பன்
செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார்,
"நரியில திறம்மா."
வில்லங்கச் சான்று வேறெதிலும் சரியாக விழாதாம்.
ஒரு தடவை குரோமில் எடுத்து
சர்வே எண்ணில் பாதி காணாமல் போயிற்றாம்.
அன்றைக்குப் பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது.
சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.
மறுநாள்:
"நரியில திறம்மா."

மாங்கூழ் ஆலைக் கணக்கர் திம்மராஜ்
லேப்டாப்பைக் காய்ச்சல்காரப் பிள்ளை போலத் தூக்கி வருவார்.
அவருக்கு எட்ஜ்.
பிடித்து அல்ல.
முன்னிருந்த கணக்கர் போட்ட கடவுச்சொல்
அதற்குள் எட்டுக் கரும்புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது.
போட்டவர் ஓசூர்ப் பக்கம் போய் போன் நம்பரை மாற்றிவிட்டார்.
கண் படத்தை அழுத்தினால் எழுத்து தெரியும் சார் என்றேன்.
"வேணாம்மா,
தெரிஞ்சா மறந்துடுவேன்."

அஞ்செட்டி மலைப்பள்ளிக்கு மாற்றலான
நூருன்னிசா டீச்சர் போனில் ஓபரா மட்டும்தான்.
அங்கே சிக்னல் ஒரு கோடு,
அதுவும் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்.
படங்களை உதிர்த்துவிட்டு எழுத்தை மட்டும் கொண்டுவருமாம்.
முகம் அப்புறம் பார்த்துக்கலாம்,
சேதி வந்தால் போதும் என்கிறார்.

பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு பேர்
குரோம் ரேமைத் தின்கிறது,
தின்னட்டும் உனக்கென்ன என்று
கட்சிக்காரர்கள் மாதிரி மோதிக்கொண்டார்கள்.
ரிசல்ட் அன்று காலை ஒன்பது மணிக்கு
மூன்றிலும் ஒரே வெள்ளைப் பக்கம்.
பிறகு சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள்.
போகிற போக்கில் ஒருவன் கேட்டான்,
"அக்கா, நீங்க எதுக்கு எப்பவும் நரி?"

வேகம் என்றேன்.

பொய்.
குரோமில் கிருஷ்ணகிரி என்று தொடங்கினால்
அணை என்றோ மாங்காய் விலை என்றோ முடிக்காது.
குடும்ப நீதிமன்றம், வழக்கு நிலை என்று
மீதியை அதுவே எழுதிவிடும்.
இரண்டு வருஷம், வாய்தாவுக்கு வாய்தா,
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நான் தேடியதைப் படித்துவைத்திருக்கிறது.
வழக்கு ஆடியில் முடிந்தது.
அதற்கு யாரும் சொல்லவில்லை.

அழிக்கத் தெரியாமல் இல்லை.
இருபது ரூபாய்க்கு ஊருக்கே அழித்துத் தருகிறேன்.
என்னுடையதில் மட்டும்
அம்புக்குறி அந்தப் பொத்தான் வரை போகும்,
அதற்குள் யாராவது ஆதார் நகலோடு வந்துவிடுவார்கள்.
வராவிட்டாலும் வந்ததாக வைத்துக்கொள்வேன்.

நரிக்குள் இருப்பதெல்லாம் வேடியப்பனின் வில்லங்கம்.
அடுத்தவர் வில்லங்கம்
அவ்வளவாகக் கனப்பதில்லை.

போன மாசம் ஒரு பெண் வந்தாள்.
என்னைவிடச் சின்னவள்.
கட்டைப்பை, அதில் தூங்குகிற குழந்தையின் ஸ்வெட்டர்,
குழந்தை இல்லை.
மடித்து மடித்து நைந்த தாளில் ஒரு வழக்கு எண்.
"அடுத்த வாய்தா எப்பன்னு பாக்கணுங்க.
ஜங்ஷன் கடையில அரைமணி நேரம் தேடினாங்க,
கிடைக்கல."

கை நரி மேல்தான் போயிற்று.
நின்றது.
குரோமைத் திறந்து இரண்டே எழுத்து அடித்தேன்.
மீதியை அது எழுதியது,
வழி தெரிந்த மாடு போல நேராக வாசலில் போய் நின்றது.
எண்ணைப் போட்டேன்.
பதினேழாம் தேதி, புதன்கிழமை.

"எப்படிங்க இவ்ளோ சீக்கிரம்?"
திரையின் கீழே அந்த வண்ண வட்டத்தைக் காட்டினேன்.
வேறென்ன காட்டுவது.

நேற்று மறுபடி வந்தாள்.
நிப்பட்டுக் கடைக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டே
வாசலில் இருந்து குரல் கொடுத்தாள்,
"அக்கா,
வட்டத்துலயே திறங்க."