அருவா கேஸ்

எங்கள் கேஷுவல்டியில் அருவா கேஸ் என்றால்
எல்லாருக்கும் கால் முளைக்கும்.
தையல் நூல், இரண்டு பாட்டில் ரத்தம்,
ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடிவரும் அண்ணாச்சிமார்,
வராந்தாவில் லத்தி.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பழகின பாடம் அது.

மாறன் வந்தது ஆடி மாசம், ராத்திரி ஒன்றே முக்கால்.
கூடலூர்க்காரன். ராதாபுரம் பக்கம் காற்றாலைக்குக் காவல்.
வள்ளியூரில் மீன் வண்டி ஏறி வந்திருக்கிறான்.
வெட்டில்லை, வீக்கமில்லை, சொட்டு ரத்தமில்லை.
பிரஷர் சரி. காய்ச்சல் இல்லை.
பெஞ்சுக் கம்பியை அவன் பிடித்திருந்த விதம் மட்டும்
சரியில்லை.

என்ன செய்யுது தம்பி என்றதற்கு
மஞ்சள் அட்டை ஒன்றை நீட்டினான்,
ஓரம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது:
அரிவாள் செல் ரத்தசோகை.

அவுட்போஸ்ட் ஏட்டு எட்டிப் பார்த்தார்.
"அருவாளா? எவம்ல வெட்டுனது?"
மாறன் சிரிக்கப் பார்த்தான்.
"என் ரத்தந்தான் சார்."

பயிற்சி டாக்டர் காதோடு சொன்னார்:
"போன மாசமும் வந்தவன் சிஸ்டர்.
ஊசிப் பேரைக்கூட அவனே சொல்லுதான். போதைக்கு வாறான்.
காய்ச்சல் மாத்திரை குடுத்து உக்கார வையுங்க."

கொடுத்தேன். உட்கார வைத்தேன்.
இந்த வரியை எழுதாமல் விடலாமா என்று
மூன்று தடவை யோசித்தேன்.

என் அப்பா இன்சுலின் பேரை அளவோடு சொல்வார்.
அவரை யாரும் ஒரு நாளும் முறைத்ததில்லை.

அவன் கேட்டது ஒன்றுதான்:
"அக்கா, அந்த ஃபேனை மட்டும் நிறுத்துதீங்களா? குளிர் ஏறுனா எலும்புக்குள்ள அறுக்கும்."
அத்தனை பெரிய காற்றாடிக்குக் காவல் இருக்கிறவன்.
வரிசைக்கெல்லாம் ஒரே சுவிட்ச்.
நிறுத்தவில்லை.

நாலு மணிக்கு ஹமீதா டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார்.
அட்டையைப் படித்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.
திட்டியிருக்கலாம்.
"மார்ஃபின் சாவி யார்ட்ட இருக்கு?" என்றார்.

இப்போது முன்மேசைக் கண்ணாடிக்கடியில் ஒரு தாள்.
அவர் சொல்ல நான் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது.
வந்து ஒரு மணிக்குள் வலி மருந்து.
அரை மணிக்கொரு தரம் போய்க் கேள்.
கம்பளி, தண்ணீர், ஆக்ஸிஜன் அளவு.
நெஞ்சு வலித்தால் காத்திராதே.
சொல்வதை நம்பு.

கடைசி வரி மருத்துவக் குறிப்பு இல்லை என்று
மேலிடம் அடிக்கச் சொன்னது.
அடித்தேன். பென்சிலால் ஓரத்தில்
திரும்ப எழுதியிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
ஏட்டுதான் வாசலிலிருந்து கத்தினார்:
"சிஸ்டர், நம்ம அருவா கேஸ் வந்திருக்கான்,
நிக்க முடியல, ஓடியாங்க!"

ஓடினோம்.
இருபத்தாறு நிமிஷத்தில் ஊசி.
ஃபேனை நிறுத்தினேன்.
வரிசை முழுக்கப் புழுங்கியது. மூன்றாம் கட்டில் பீடிக்காரர்
விடிய விடிய என்னை வைதுகொண்டிருந்தார்.