நம்புதாளை ஃபீடர்

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
மூன்றாவது டாக்டரும் அதையேதான் சொன்னார்.
சொத்தையில்லை, கீறலில்லை, வேரில் சீழில்லை.
நல்ல சேதி சொல்லும் முகம் அவருக்கு.

இரண்டு பல் ஏற்கெனவே போயாயிற்று.
முதல் பல்லுக்கு வேரைச் சுரண்டி மூடி போட்டார்கள்,
பிறகு மூடியோடு பிடுங்கினார்கள்.
பக்கத்துப் பல்லை நானே கெஞ்சிப் பிடுங்கவைத்தேன்.
மூன்று நாள் சும்மா இருந்தது.
நாலாம் நாள், குழியில்,
அதே பல் வலித்தது.

"இல்லாத பல்லு எப்புடி வலிக்கும்?"
செலின் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்,
"வேலைக்குப் போக வலிக்குதோ?"
தப்பில்லை.
நானும் அப்படிக் கேட்கிற ஆள்தான்.

மார்கழிப் புகார்கள் ஒரு தினுசு.
லைட்டு மினுங்குது, ஃபிரிட்ஜ் உதறுது.
போய்ப் பார்த்தால்
பல்பு சரி, மீட்டர் சரி, ஃபியூஸ் சரி.
'குறை இல்லை' என்றெழுதிக்
கையெழுத்து வாங்கி வந்துவிடுவேன்.
குறை அங்கே இராது.
ஏழெட்டுக் கம்பம் தள்ளி, கடலைப் பார்த்து நிற்கும் ஒன்றில்
பீங்கான் மேல் உப்புப் படிந்திருக்கும்.
பகலில் வெறும் வெள்ளைப் பொடி.
விடியப் பனி இறங்கி நனைந்ததும்
சிர்ரென்று கசியும்,
நீல நூலாக.

அன்றைக்கு நம்புதாளை ஃபீடர்.
மேலே நான், கீழே களஞ்சியம்.
லைன் ஆஃப். எர்த் போட்டாயிற்று. இரண்டு தரம் பார்த்தாயிற்று.
வாடைக்காற்று கன்னத்தைத் தொட்டது, அவ்வளவுதான்.
கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை
வெட்டி இழுத்தது.
"லைன் வந்துருச்சுடா!"
களஞ்சியம் எர்த் ராடைப் பிடித்தபடியே
அண்ணாந்து பார்த்தான்.
வரவில்லை.

திருவாடானையில் ஒரு சின்ன டாக்டரம்மா, சமீனா,
எப்படி வலிக்கும் என்றாள்.
ஷாக் அடிக்கிற மாதிரி என்றேன்.
எழுதப் போனவள்
சட்டைப்பையில் டெஸ்டரைப் பார்த்து நிறுத்தினாள்.
மாதிரி இல்லம்மா.
எனக்கு நிஜ ஷாக் தெரியும், இந்த விரலைப் பாருங்க.
இது அதேதான். கம்பி இல்லாம வருது.

பல் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் வைத்தாள்.
தன் காதுக்கு முன்னால் விரலை ஊன்றி
இங்கருந்துதான் முகத்துக்கு நரம்பு பிரியுது,
பல்லுக்கெல்லாம் இதுலதான் சப்ளை என்றாள்.
சப்ளை என்றது அவள்தான், நானில்லை.
ஸ்கேனுக்கு ராமநாதபுரம் எழுதிக் கொடுத்தாள்.
இனி யாருக்கும் ஒரு பல்லும் குடுக்காதீங்க.
மாத்திரை தலை சுத்தும், கம்பம் ஏறக்கூடாது.

இப்போது களஞ்சியம் ஏறுகிறான்.
நான் கீழே, ராடோடு.
வலி பாதியாகியிருக்கிறது. போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

போன வாரம் சோழியக்குடியில் ஒரு வீடு,
ஃபேன் தானாக நின்று நின்று சுற்றுகிறதாம்.
எல்லாம் சரியாக இருந்தது.
'குறை இல்லை' என்று எழுதப்போய்
'குறை இங்கே இல்லை' என்று எழுதினேன்.
இது என்னய்யா புதுசா என்று
ஏ.ஈ. நிமிர்ந்து பார்த்தார்,
ஒரு பக்கம் மழித்து
ஒரு பக்கம் மூன்று வாரத் தாடியோடு நின்ற என்னை.