மூடி எண் நாற்பத்தொன்று

அதிகாலை நாலே முக்கால்.
கிராஞ்சியில் இரும்பு மூடியை
ஹக்கீமும் நானும் நெம்புகிறோம்.
பூமி கொட்டாவி விட்டதுபோல் ஒரு வாடை.
எனக்குப் பழகிவிட்டது. ஹக்கீம் மட்டும் இன்னும்
புதினா மிட்டாயைக் கடைவாயில் அடக்கிக்கொள்கிறான்.

குழாயை இறக்கினால்
கலங்கலாய் ஏறிவரும் அரை லிட்டர்.
ஐயாயிரம் பேர் நேற்றுத் தின்றது,
விழுங்கிய மாத்திரை, வெளியே சொல்லாத காய்ச்சல்,
எல்லாம் ஒரே புட்டியில்.
டாக்டரிடம் பொய் சொல்லலாம்.
கோப்பி ஓ கோசோங்தான் குடிக்கிறேன் என்று
மனைவியிடம் சொல்லலாம்.
சாக்கடைக்கு அந்த நாசூக்கு தெரியாது.

ஈசூனில் சர்க்கரை மாத்திரையின் மிச்சம் ஓடுகிறது,
புக்கிட் தீமாவில் தூக்க மாத்திரையின் மிச்சம்.
விமான நிலையக் குழாயிலோ
நான் போகாத ஊர்களின் கிருமிகள்
குடிநுழைவு வரிசையில் நிற்காமல்
வந்து இறங்கியிருக்கின்றன.

என் புளோக்கும் பட்டியலில் உண்டு, செவ்வாய்தோறும்.
அன்றைக்கு மூடியைத் திறக்கையில்
என் வீட்டு அலமாரியை யாரோ திறப்பதுபோல் இருக்கும்.
இரண்டு வாரமாய் நான் போடாத ரத்த அழுத்த மாத்திரை
அதில் இல்லாமல் இருப்பதை
யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இன்று விடுதி வேலிக்கு உள்ளிருந்து ஒரு குரல்:
"அண்ணே, உள்ள ஏதும் விழுந்திருச்சா?"
சேவுகன். திருவாடானைப் பக்கம்.
லோரிக்காக நிற்கிறான்.
பிளாஸ்டிக் பையில் மதியச் சோறு,
இப்போதே ஆறிப்போனது.
"நோய் இருக்கான்னு பாக்குறோம்."
"எங்க பீயிலயா?"
சிரித்தான். சிரிப்பு இருமலானது.
இருமல் நிற்கவில்லை.
"எத்தனை நாளா?"
"மூணு வாரம். எம்சி எடுத்தா
அன்னைக்குக் காசு போயிரும்ண்ணே.
முதலாளி மொகமும் போயிரும்."

படிவத்தில் இடம், நேரம், நீரின் வெப்பம்,
மூன்றே கட்டங்கள்.
அறைக்குப் பன்னிரண்டு கட்டில்,
முகவருக்குக் கட்டி முடியாத கடன்,
இதெல்லாம் எந்தத் தண்ணீரில் கரைந்து வரும்?
இருமல் புட்டிக்குள் விழுவதில்லை.

லோரி வந்தது. ஏறிக்கொண்டான்.
கேட்க மறந்த அறை எண்ணை
பின்னால் ஓடிக் கேட்டேன்.
வழியனுப்புகிறேன் என்று நினைத்துக்
கை அசைத்தான்.

"எழுதியாச்சா?" ஹக்கீம் மலாயில் கேட்கிறான்,
ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி.
எழுதினேன்.
கிராஞ்சி. காலை 5.10. 29 பாகை.
ஓரத்தில், யாரும் படிக்காத இடத்தில்,
பென்சிலால்:
இருமல், ஒன்று.