அறுபதில் முப்பது

திருப்பதியில் எக்கோ எடுத்த பெண்
திரையை விட்டுக் கண் எடுக்காமல்
தெலுங்கில் சொன்னாள்: முப்பது.

நாகலாபுரம் வரை இவர் வாய் திறக்கவில்லை.
பிறகு,
"பத்தாவதுல ஒருதரம் ஃபெயிலு,
இப்ப இது ரெண்டாந்தரம்" என்றார்.
முன்சீட்டுக்காரன் சிரித்தான்.

சுருட்டப்பள்ளியில் சாமி
விஷம் குடித்தும் மல்லாந்து படுத்திருக்கிறார்.
இவருக்குத் தலையணை மூன்று,
அப்படியும் இரண்டு மணிக்கு எழுந்து
ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கிறார்.
வாசலில் செருப்பு,
வீங்கிய காலுக்குப் போன மாதமே சிறிசு.

அடுத்த தடவை டாக்டரம்மா விளக்கினார்:
"நின்னு போறதில்லைங்க, பத்தாம போறது.
நூறு யாருக்குமே கிடையாது.
நல்ல இதயமே அறுபதுதான் தள்ளும்,
மிச்சம் உள்ளேயே நிக்கும்."
இருபத்தாறு வருஷம்
கண்டலேறு கால்வாயில் அளவுகோல் பார்த்தவர்
நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"அப்ப பாதி ஓடுது."

அவர் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் கேட்டேன்.
எத்தனை வருஷம்?
"நூறு பேர்ல அம்பது பேர்
அஞ்சு வருஷம் தாண்டுறாங்க.
மருந்து விடாம எடுத்தா இன்னும் கூட.
எந்த அம்பதுன்னு
எந்த மெஷினும் சொல்லாது."
பேனா மூடியைத் திருகியபடியே சொன்னார்.
நான் இவரிடம் சொல்லவில்லை.

கனஅடியில் பேசிய மனுஷன்
ஒன்றரை லிட்டர் பாட்டிலில்
நகத்தால் கோடு கிழிக்கிறார்.
ரசத்தையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கிறார்.
ஆவக்காய் ஜாடி கௌரம்மா வீட்டுக்குப் போய்விட்டது.
காலையில் பல் துலக்குமுன் எடை:
அறுபத்து நாலு. அறுபத்து நாலு. அறுபத்து மூணரை.
பழைய ஆபீஸ் நோட்டு,
"நீர்மட்டம்" என்று அச்சடித்த கட்டத்திலேயே.

துணி மடிக்கும்போது அதன் கடைசிப் பக்கம் திறந்தது.
பென்சிலில்,
5 வருஷம் - 100க்கு 50.
மங்காவுக்குச் சொல்ல வேண்டாம்.

எப்போது கேட்டார், யாரிடம்?
மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை எடை ஒரு கிலோ ஏறியிருந்தது.
விசாரித்தால்
கௌரம்மா வீட்டில் சுடுசோறு, ஆவக்காய்,
"ஒரே ஒரு துண்டு."
திட்டினேன்.
ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து இல்லை,
அன்றைக்கு உண்டானதை மட்டும்.